வாசற்படிக்கு இப்பால்

முதுமையைப் பற்றி எழுதப்பட்ட மருத்துவ நூல்கள் நெடுங்காலம் உடலில் எது தேய்ந்தது, எது மங்கியது என்பதையே கணக்கிட்டு வந்தன. அந்தத் தேய்மானத்தோடு ஒருவர் தம் வீட்டிலும் தெருவிலும் உறவுக்குள்ளும் எப்படி வாழ்கிறார் என்ற கேள்வி மருத்துவத்துக்குள் வந்து சேர மிகவும் பிந்திவிட்டது. 1963இல் சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட அளவுகோல், குளித்தல், உடுத்தல், கழிவறைக்குப் போதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீரையும் மலத்தையும் அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறையும் ஒருவர் பிறர் துணையின்றிச் செய்கிறாரா என்று பார்த்தது. 1969இல் பவல் லாட்டன், எலைன் பிராடி ஆகிய இருவரும் தொலைபேசி, கடைக்குப் போதல், சமையல், வீட்டுவேலை, துணி துவைத்தல், பயணம், மருந்து உண்ணுதல், பணக் கணக்கு என எட்டுச் செயல்களைக் கொண்ட இன்னோர் அளவுகோலை அமைத்து, அந்தப் பார்வையைப் படுக்கையறையிலிருந்து கடைத்தெரு வரை நீட்டினர். இரண்டும் இன்றளவும் பயன்படும் நல்ல கருவிகள். ஆனால் ஒருவரால் ஒரு செயலைச் செய்ய முடியுமா என்பதோடு அவை நின்றுவிடுகின்றன. முடிந்தாலும் செய்ய விடுகிறார்களா, முடியாதபோதும் அந்தக் காரியத்தில் அவருக்கென்று ஓர் இடம் மிச்சமிருக்கிறதா என்று அவை கேட்பதில்லை.

2001ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட, செயற்பாடு, இயலாமை, உடல்நலம் ஆகியவை பற்றிய பன்னாட்டு வகைப்பாடு இந்தக் கேள்விக்கு ஒரு சட்டகம் தந்தது. உடலின் உறுப்பிலோ அதன் இயக்கத்திலோ நேரும் குறையை ஒரு தளத்திலும், ஒரு செயலைச் செய்வதில் நேரும் தடங்கலை இன்னொரு தளத்திலும் வைத்த அவ்வகைப்பாடு, வாழ்க்கைச் சூழல் ஒன்றில் ஈடுபடுவதையே பங்கேற்பு என்றும், அந்த ஈடுபாட்டில் ஒருவர் சந்திக்கும் இடர்ப்பாட்டைப் பங்கேற்புக் கட்டுப்பாடு என்றும் மூன்றாவதாக வரையறுத்தது. மூட்டுத் தேய்வு முதல் தளத்தைச் சேர்ந்தது. படியேற இயலாமை இரண்டாவதைச் சேர்ந்தது. படியேற இயலாது என்பதால் தங்கை மகளின் கல்யாணத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடுவது மூன்றாவதைச் சேர்ந்தது. இம்மூன்றுக்கும் நடுவே சூழல் என்பதையும் அவ்வகைப்பாடு ஒரு காரணியாக நிறுத்தியது. மண்டபத்தில் லிஃப்ட் இருந்து, கைபிடித்து அழைத்துப் போக ஒருவர் இருந்து, கூட்டத்தில் பாட்டிக்கு எதற்கு அலைச்சல் என்று வீட்டார் முடிவெடுக்காமலும் இருந்தால், அதே தேய்ந்த முழங்காலோடு அவர் அந்தக் கல்யாணத்தில் அட்சதை போட்டிருக்க முடியும். ஆகவே பங்கேற்பு குறைவது உடலின் கணக்கில் மட்டும் எழுத வேண்டிய செய்தி ஆகாது.

இங்கு எழுதப்படும் நினைவுகள் கும்பகோணத்தின் பழைய தெரு ஒன்றில் இருந்த ஓட்டு வீட்டையும், 1930களின் தொடக்கத்தில் பிறந்து அந்த வீட்டிலேயே தம் முதுமையைக் கழித்த, கட்டுரையாளரின் தாய்வழிப் பாட்டியையும், அவரைச் சுற்றியிருந்த சில முதியவர்களையும் சார்ந்தவை. அவர்களில் எவரும் கைவிடப்பட்டவர் அல்லர். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், மூன்று வேளைச் சாப்பாடு, மாத்திரைப் பெட்டி, மருத்துவச் செலவுக்குப் பணம் எல்லாம் இருந்த வீடுகளில்தான் அவர்கள் வாழ்ந்தனர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்கள் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் என்றும், மக்கள்தொகையில் அவர்களின் பங்கு நாடு முழுவதற்கும் 8.6 விழுக்காடாக இருக்கத் தமிழ்நாட்டில் 10.4 விழுக்காடாக இருந்தது என்றும் அறிகிறோம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் முதியோர் இல்லங்களில் அல்லாமல் வீடுகளிலேயே வாழ்கின்றனர். கைவிடப்பட்ட முதியோர் பற்றிப் பேசுவதற்கு 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் முதலான கருவிகள் இருக்கின்றன. நன்கு பராமரிக்கப்படும் முதியவர் தம் வாழ்க்கையிலிருந்து சிறிது சிறிதாக விலக்கப்படுவதைப் பேசுவதற்கோ நம் மொழிவழக்கில்கூட எளிதில் சொல் கிடைப்பதில்லை. வீட்டில் நன்றாக வைத்துக்கொள்கிறார்கள் என்பதோடு விசாரிப்பு முடிந்துவிடுகிறது.

இப்படி விலக்கப்படுவதால் ஒருவரின் வாழ்க்கைக்கு நேரும் குறுக்கத்தின் போக்கை அளப்பதற்கு முதுமையியலில் வாழ்வெளி என்றொரு கருத்து உண்டு. ஒருவர் தம் அன்றாட வாழ்வில் எவ்வளவு தூரம் புழங்குகிறார் என்பதே அது. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட அளவீடு, கடந்த நான்கு வாரங்களில் ஒருவர் படுக்கையறையைத் தாண்டினாரா, வீட்டைத் தாண்டித் திண்ணைக்கோ முற்றத்துக்கோ வந்தாரா, அண்டைத் தெருக்களுக்குப் போனாரா, ஊருக்குள் போனாரா, ஊரையே தாண்டினாரா, எத்தனை முறை, யார் துணையோடு, எந்தக் கருவியின் உதவியோடு என்றெல்லாம் கேட்டு, சுழியத்திலிருந்து 120 வரை ஒரு மதிப்பெண்ணைத் தருகிறது. கும்பகோணத்துப் பாட்டிக்கு அந்த மதிப்பெண்ணை எவரும் கணக்கிட்டதில்லை. ஆயினும் அவ்வூரிலேயே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மகாமகம் அதைத் தானாகவே குறித்து வைத்தது. 1992 மகாமகத்தில் அவர் குளத்தில் நீராடி, பொற்றாமரைக் குளத்துக்கும் போய், காவிரியிலும் முழுகிவிட்டு ஈரப்புடவையோடு நடந்தே வீடு திரும்பினார். 2004இல் கூட்டத்துக்கு அஞ்சிய மகன் அவரை விழா நாளுக்கு முன்பே ஒரு விடியற்காலையில் அழைத்துப் போய்க் குளத்தின் கடைசிப் படியில் உட்கார வைத்து நீர் மொண்டு ஊற்றினார். 2016இல் குளத்து நீர் ஒரு செம்பில் வீட்டுக்கு வந்தது. கூடத்து நாற்காலியில் அமர்ந்திருந்த அவர் தலையில் அதைத் தெளித்தனர். மூன்று மகாமகமும் புண்ணியத்தில் சமம் என்று சொல்லிவிடலாம். வழியெங்கும் முகம் தெரிந்தவர்களைச் சந்தித்து நின்று பேசியதும், யாருடைய பெண்ணுக்கு வரன் அமைந்தது என்று கேட்டறிந்ததும் 1992இல் மட்டுமே இருந்தன.

இந்தக் குறுக்கத்துக்கு முழங்கால் எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் வாசலும்தான். அந்த வீடு கட்டப்பட்ட காலத்தில் தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் திண்ணையை அடைய வேண்டும். பிறகு ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய பரப்பின்மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டி உயர்த்தியதால் படிகள் ஒவ்வொன்றாகச் சாலைக்குள் புதைந்து, கடைசியில் தெரு நடையைவிட உயர்ந்துவிட்டது. மழைநீர் வீட்டுக்குள் புகாமலிருக்க நிலைவாசலில் முழ உயரத்துக்குச் செங்கல் வைத்துச் சிமெண்ட் பூசி ஒரு தடுப்பு எழுப்பினார்கள். தமிழ்நாட்டின் எல்லாப் பழைய நகரங்களிலும் இத்தகைய தடுப்புகளைக் காணலாம். பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் மாநிலத்தின் தலைமைச் செயலர் அறிவுறுத்த வேண்டியிருந்த அளவுக்கு இது பரவலான நிலைமை. இளையவர்கள் அந்தத் தடுப்பைத் தாண்டியதைக்கூட உணராமல் போய் வந்தனர். எண்பதைத் தொட்ட ஒருவர் அதைக் கடக்க வேண்டுமானால், நிலையை ஒரு கையால் பற்றி, ஒரு காலை முழ உயரம் தூக்கி, உடலின் முழு எடையையும் மற்ற முழங்கால்மேல் ஒரு கணம் நிறுத்தி, அப்பால் தரை எங்கே இருக்கிறது என்று மங்கலான கண்ணால் தேடிக் கால் வைக்க வேண்டும். முதலில் ஒரு நாளைக்கு ஒருமுறை என்றும், பிறகு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் என்றும், பிறகு யாராவது கைகொடுத்தால் என்றும் அந்தக் கடப்பு அருகியது. லாட்டனும் லூசில் நாஹெமோவும் 1973இல் முன்வைத்த கோட்பாடு, ஆளின் திறன் குறையக் குறைய சூழலின் சிறிய அழுத்தமும் அவர் நடத்தையைப் பெரிதாக மாற்றும் என்கிறது. அந்த நிலைவாசலில் இருந்தது அத்தகைய ஒரு முழ அழுத்தம்.

வீட்டின் பின்கட்டும் அதே கதையைச் சொல்லியது. கூடம், முற்றம், இரண்டாங்கட்டு ஆகியவற்றைத் தாண்டிக் கொல்லையில், கிணற்றடிக்கு அப்பால் இருந்தது கழிவறை. இரவில் அங்குப் போய்வரும் அச்சத்தால் மாலை ஆறு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை அவர் நிறுத்திக்கொண்டார். இதைவிட மறைவான ஒரு கணக்கும் அவரிடம் இருந்தது. இரத்த அழுத்தத்துக்காக அவருக்குக் கொடுத்திருந்த மாத்திரைகளில் ஒன்று, உடலில் தேங்கும் உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றுவது, வீட்டில் எல்லாரும் நீர் மாத்திரை என்று சொல்வது. வெளியே கிளம்ப வேண்டிய நாட்களில் அதை மட்டும் எடுத்துப் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்துவிடுவார். துவைக்கப் போட்ட புடவைகளிலிருந்து பாதி கரைந்த மாத்திரைகள் கிடைத்தபோதுதான் மருமகளுக்கு அது தெரிந்தது. பெர்னார்ட் ஐசக்ஸ் என்ற முதியோர் மருத்துவர் முதுமையின் பெருந்தொல்லைகளாக எண்ணியவற்றில் நடமாட்டக் குறைவோடும் தள்ளாட்டத்தோடும் அறிவுத் தளர்ச்சியோடும் சிறுநீர் அடக்க இயலாமையும் இடம்பெற்றது. அது வெளியே சொல்லக்கூடிய நோய் அன்று. கல்யாணத்துக்கு வரவில்லையா என்று கேட்டால் கால் வலி என்று சொல்லலாம். புடவை நனைந்துவிடும் என்ற பயம் என்று எந்தத் தாயும் மகனிடம் சொல்வதில்லை. கால் வலி என்று சொல்லித் தவிர்க்கப்பட்ட விசேஷங்களில் எத்தனைக்கு உண்மைக் காரணம் மண்டபத்தின் கழிவறை எந்த மாடியில் இருக்கிறது என்பதாக இருந்திருக்கும் என்று எண்ணும்போது, பத்திரிகை வைக்க வருகிறவர்களிடம் அதைக் கேட்டு வைத்துக்கொள்வது ஒரு வீட்டின் கடமை என்றே தோன்றுகிறது.

எதிர்வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்; அவருக்கு முழங்காலும் நன்றாக இருந்தது, கண்ணும் நன்றாக இருந்தது. முதுமையில் இரு காதுகளிலும் படிப்படியாக வரும் மந்தம் உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளையே முதலில் கவர்ந்துகொள்ளும் என்பதால், உயிரொலிகள் கேட்டும் வல்லின மெய்கள் நழுவியும், பேசுகிறார்கள் என்பது தெரிந்து என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாத நிலை அவருக்கு உண்டாயிற்று. ஒருவரோடு ஒருவராக முகம் பார்த்துப் பேசும்போது சமாளித்துக்கொண்டார். கோயிலில் திருவாசக முற்றோதல் நடக்கும் நாட்களில்தான், அதாவது அந்நூல் முழுவதையும் பலர் சேர்ந்து ஒரே அமர்வில் ஓதும் நாட்களில்தான், அது வெளிப்பட்டது. நூல் முழுவதும் மனப்பாடமாக இருந்தும், மற்றவர்களின் குரல் சரியாக எட்டாததால் அவர் ஓர் அடி முந்தியோ பிந்தியோ போய்க்கொண்டிருந்தார். எவரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பக்கத்தில் இருந்தவர் தொடையில் மெல்லத் தட்டி நிறுத்துவார், அவ்வளவுதான். சில முறை அப்படித் தட்டப்பட்ட பிறகு அவர் போவதை நிறுத்திவிட்டார். வாங்கிக் கொடுத்த காதுக் கருவி மின்விசிறியின் இரைச்சலையும் பாத்திர ஓசையையும் பேச்சோடு சேர்த்தே பெரிதாக்கியதால் அது மேசை இழுப்பறைக்குள் போயிற்று. அவரால் ஓத முடியும். ஓதுவாரின் எதிரில், அவருடைய வாயசைவு தெரியும்படி முதல் வரிசையில் ஒரு பலகை போட்டிருந்தால் சேர்ந்தும் ஓதியிருப்பார். அந்தப் பலகையைப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை என்பது இந்த நினைவுகளில் ஆறாத ஒன்று.

சூழல் எழுப்பும் தடைகளைக் காட்டிலும் அன்பு எழுப்பும் தடைகளை அடையாளம் காண்பது கடினம். பாட்டி ஒருமுறை அடுக்களையில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் எழுந்தாலே, "நீங்க உக்காருங்கத்தே, நான் பாத்துக்கறேன்" என்ற குரல் எந்த அறையிலிருந்தாவது வந்துவிடும். அதைச் சொன்ன மருமகளிடம் துளியும் கடுமை இல்லை. வயதான காலத்தில் தொடை எலும்பு முறிந்தால் எழுந்து நடப்பது அரிது என்பதைத் தம் பிறந்த வீட்டில் பார்த்தவர் அவர். விழுவதற்கு அஞ்சுவதே ஒரு தனிக் குறைபாடாகும் என்பதையும், அவ்வச்சம் உண்மையான வீழ்ச்சியைப் போலவே ஒருவரின் நடமாட்டத்தைச் சுருக்கும் என்பதையும் மேரி டினெட்டி என்ற அமெரிக்க மருத்துவர் 1990 வாக்கில் தம் ஆய்வுகளால் எடுத்துக்காட்டினார். அவருடைய குழு உருவாக்கிய அளவுகோல், வீழாமல் இன்ன வேலையைச் செய்துவிடுவேன் என்ற நம்பிக்கை ஒருவருக்கு எவ்வளவு இருக்கிறது என்று முதியவரையே கேட்கிறது. தமிழ் வீடுகளில் அந்த அச்சம் முதியவரிடம் இருப்பதைவிட அவரைச் சுற்றியிருப்பவர்களிடம் மிகுதியாக இருக்கிறது. உட்கார்ந்தே இருக்கும் உடலில் தொடைத் தசை நலிகிறது; நலிந்த தசை எழும்போது தள்ளாடுகிறது; தள்ளாடுவதைக் கண்டவர்கள் இன்னும் உறுதியாக உட்காரச் சொல்கின்றனர்.

அடுக்களை போனபோது அதனோடு போனவை பல. எந்த மாதத்துக்கு எவ்வளவு புளி வாங்கி வைப்பது, வடாம் பிழிய வெயில் போதுமா, வந்த சம்பந்திக்கு என்ன பலகாரம் செய்வது என்ற தீர்மானங்கள் அடுப்படியில் நின்றவரிடமே சேர்ந்தன. பவுல் பால்டஸும் மார்கிரெட் பால்டஸும் 1990இல் வகுத்த ஒரு கோட்பாடு இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. முதுமையில் நன்றாக வாழ்பவர்கள் செய்வனவற்றைக் குறைத்துத் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றனர், தேர்ந்தவற்றில் பயிற்சியை மிகுத்துக்கொள்கின்றனர், இழந்த திறனை வேறு உத்தியால் ஈடுகட்டுகின்றனர் என்பது அதன் சாரம். முதிய வயதிலும் கச்சேரி செய்த பியானோக் கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் குறைந்த எண்ணிக்கையிலான உருப்படிகளை எடுத்துக்கொண்டு, அவற்றையே அதிகம் பயின்று, விரைவான பகுதிக்கு முன்னால் வேகத்தைச் சற்றுத் தாழ்த்தி அடுத்து வருவது விரைவாகத் தோன்றும்படி வாசித்தார் என்பதை அவர்கள் உதாரணமாகக் காட்டுவர். தேர்வைச் செய்தவர் ரூபின்ஸ்டைனே என்பது இங்கு முக்கியம். கும்பகோணத்து வீட்டில் தேர்வை வீட்டார் செய்தனர். பாட்டியிடம் கேட்டிருந்தால் அடுப்பை விட்டுவிட்டு ஊறுகாய் போடுவதை மட்டும் வைத்துக்கொண்டிருப்பார் என்று நம்ப இடமுண்டு; ஏனெனில் எல்லாம் பறிபோன பிறகும், கீரைக்காரி வரும் நேரம் பார்த்து நடையில் போய் உட்கார்ந்து, கட்டைப் பிரித்துப் புரட்டி, "நேத்துக் கீரைய இன்னிக்கித் தண்ணி தெளிச்சுக் கொண்டாந்தியா?" என்று கேட்டு, முறத்தில் வாங்கி ஆய்ந்து கொடுக்கும் வேலையை மட்டும் அவர் யாருக்கும் விடவில்லை. அந்த அரை மணி நேரத்தில் தெருவின் செய்தி முழுவதும் அவருக்கு வந்து சேர்ந்தது.

பணம் தொடர்பான பங்கேற்பு இன்னும் நுட்பமாகக் கரைந்தது. ரயில்வேயில் பணியாற்றி மறைந்த கணவரின் குடும்ப ஓய்வூதியம் அவர் பெயரில் வந்துகொண்டிருந்தது. அதைப் பெறுபவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் வங்கியில் சான்றளிக்க வேண்டும். மற்ற மாதங்களில் பணத்தை எடுப்பதும் செலவழிப்பதும் மகனின் வேலையாகிவிட்டாலும், நவம்பர் வேலை மட்டும் அவர் நேரில் போகாமல் நடவாது. அதற்கென்று ஒரு நல்ல புடவையை எடுத்து வைப்பார். ஆட்டோவில் போய், தம் பெயரைத் தம் கையால் எழுதி, கவுண்டரில் இருப்பவரின் ஊரையும் குடும்பத்தையும் விசாரித்து, திரும்பும் வழியில் கொழுந்து வெற்றிலை ஒரு கவுளி வாங்கிக்கொண்டு வருவார். 2014 நவம்பரில் மத்திய அரசு மின்னணு உயிர்வாழ்ச் சான்றிதழை அறிமுகப்படுத்திய பிறகு சில ஆண்டுகளில், விரல்ரேகைக் கருவியோடு ஒருவரை வீட்டுக்கே வரவழைத்து அந்த வேலையை முடிக்க முடிந்தது. தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி உடனே ஏற்கவில்லை; ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்த பிறகு ஒரு விரல் ஒத்துக்கொண்டது. எல்லாருக்கும் அலைச்சல் மிச்சம் என்று வீடு மகிழ்ந்தது, அந்த மகிழ்ச்சியில் நியாயமும் இருந்தது. அவர் இல்லாமல் நடக்காத கடைசி வேலையும் அன்றோடு போயிற்று என்பது பின்னர்தான் விளங்கியது.

இதே இருமுகம் அண்மைக்கால அரசுத் திட்டங்களுக்கும் உண்டு. எண்பது வயதைக் கடந்தவர்கள் வீட்டிலிருந்தே தபால் வாக்கு அளிக்கலாம் என்ற ஏற்பாட்டின்படி 2021 சட்டமன்றத் தேர்தலில் அலுவலர்கள் வீட்டுக்கு வந்து பாட்டியிடம் வாக்கைப் பெற்றுப் போயினர். 2024 மக்களவைத் தேர்தலில் அந்த வயது எண்பத்தைந்தாக உயர்த்தப்பட்டது. நியாயவிலைக் கடைக்கு வர இயலாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள்களை வீட்டுக்கே கொண்டுசேர்க்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. படுக்கையில் இருப்பவருக்கும், துணைக்கு ஆளில்லாதவருக்கும் இவை பெரும் உதவி, இவற்றைக் குறை கூறுவது அறமாகாது. எனினும் சற்றுக் கைகொடுத்தால் வெளியே வரக்கூடியவருக்கு எல்லாமே வீட்டுக்கு வந்துசேரும்போது, வெளியே போவதற்கான காரணங்கள் ஒவ்வொன்றாக நீங்குகின்றன. வாக்குச்சாவடி வரிசை என்பது வாக்களிப்பதற்கு மட்டுமான இடமாக இருந்ததில்லை. விரலில் மையோடு திண்ணையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடம் பேசும் அந்த நாளைப் பாட்டி பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குக் கொண்டுவரும் ஏற்பாட்டோடு, வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போகும் ஏற்பாட்டுக்கும் அதே அக்கறையும் பணமும் ஒதுக்கப்பட வேண்டும் என்பதே இந்த நினைவுகளிலிருந்து பெறப்படும் கோரிக்கை. சாதாரணப் பேருந்தின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கத் தாழ்தளப் பேருந்தின் தளம் 400 மில்லிமீட்டரில் இருக்கிறது; கட்டணமில்லாப் பயணச் சலுகையைக் காட்டிலும் அந்த 500 மில்லிமீட்டர் வேறுபாடு பலரை வெளியே கொண்டுவரும்.

பங்கேற்பு பறிபோவதில் மிகக் கொடியது துக்கத்தில் பங்கேற்பு பறிபோவதுதான். மன்னார்குடியில் வாழ்ந்த அவருடைய தமக்கை இறந்தபோது, சொன்னால் தாங்கமாட்டார், தாங்கினாலும் அழைத்துப் போக முடியாது என்று கருதி, செய்தியை மறைத்துவிட்டு மகனும் மருமகளும் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தனர். மூன்றாம் நாள் மெல்ல எடுத்துச் சொன்னபோது அவர் அழவில்லை, "எடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்டார். பிறகு தாமே எழுந்து, யாருடைய கையையும் பற்றாமல் கூடத்தையும் முற்றத்தையும் கடந்து கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அன்று அவரை உட்காரச் சொல்லும் துணிவு எவருக்கும் வரவில்லை. தாங்கமாட்டார் என்ற கணிப்பு தவறு என்பதை மட்டும் அச்செயல் காட்டவில்லை. உடன்பிறந்தவளின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் உரிமையை, பார்க்க வேண்டுமா என்று கேட்கப்படும் உரிமையையேனும், உடல்நலத்தின் பெயரால் எடுத்துவிட முடியும் என்பதையும் காட்டியது. அதன் பிறகு அவர் அந்தச் சாவைப் பற்றி அந்த வீட்டில் எவரிடமும் பேசியதில்லை.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்குமான மருந்துகளை வீட்டில் கொண்டுதருவதோடு இயன்முறைச் சிகிச்சையையும், அதாவது உடற்பயிற்சியாலும் அசைவுப் பயிற்சியாலும் இயக்கத்தை மீட்கும் சிகிச்சையையும், வீட்டுக்கே கொண்டுவந்தது. அப்படி வந்த பெண்மணி முழங்காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, "என்ன பண்ண முடிஞ்சா நல்லா இருக்கும்னு நெனைக்கிறீங்க பாட்டி?" என்று கேட்டார். எங்கே வலிக்கிறது என்று கேட்டுப் பழகிய செவிகளுக்கு அந்தக் கேள்வி புதிதாக இருந்தது. பாட்டி யோசிக்காமல், மூலைப் பிள்ளையார் கோயில்வரை போய்வர வேண்டும் என்றார். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி, சுவரைப் பற்றிக் குதிகாலை உயர்த்தும் பயிற்சி என எளியவையே அவருக்குத் தரப்பட்டன. மருமகள் சமையலுக்கு நடுவே வந்து நின்று எண்ணினார். நிலைவாசல் தடுப்பைப் பார்த்துவிட்டு, பயிற்சியைவிட இதுதான் முதல் வேலை என்று அந்தப் பெண்மணி சொன்னதன்பேரில் கொத்தனார் வந்தார். தடுப்பின் உட்புறத்தில் சாண் உயரம்கூட வராத அகலமான இரண்டு படிகளும், தெருப்பக்கத்தில் ஒரு சரிவும் கட்டப்பட்டு, பக்கவாட்டில் இரும்புக் குழாயாலான கைப்பிடி பதிக்கப்பட்டது. சரிவு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் இருக்க வேண்டும் என்பது கட்டட வழிகாட்டிகளில் உள்ள விதி. தெருவில் அவ்வளவு இடம் இல்லாததால் கைப்பிடியைத் தெருப்பக்கமும் நீட்டி அக்குறையைச் சரிசெய்தனர். சில வாரங்களுக்குப் பிறகு, ஒரு கையில் தடியும் மறு கையில் பேத்தியுமாக அவர் பிள்ளையார் கோயில்வரை போனார். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. வழியில் ஏழெட்டு வீட்டு வாசல்களில் நிறுத்தி வைத்துப் பேசியிருந்தனர்.

இரண்டு மழைக்காலம் கழித்துத் தெருவில் மறுபடியும் சாலை போட்டார்கள். பழைய பரப்பைச் சுரண்டவில்லை. சரிவு சாலைக்குள் மறைந்து, தடுப்பை மேலும் உயர்த்த வேண்டியதாயிற்று. மகன் அதே கொத்தனாரை அழைத்து உட்புறம் இன்னொரு படி கட்டச் சொன்னபோது, கைப்பிடி இனி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதற்காகப் பாட்டியை நடைக்கு அழைத்தனர். அவர் புதிய படியின் மட்டத்துக்கு அடுக்கப்பட்டிருந்த செங்கல்மேல் மகனின் தோளைப் பிடித்து ஏறி நின்று, முன்பு வைத்த கைப்பிடி நான்கு விரற்கடை தாழ்வாக இருந்தது, இறங்கும்போது இடுப்பை இழுத்தது என்று சொல்லி, கை தானாக எங்கே போய்ப் படிகிறதோ அந்த இடத்தைச் சுவரில் தொட்டுக் காட்டினார். கொத்தனார் அங்கே பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டு, குழாயை வெட்டப் போனார்.